சுங்கத்தில் சரக்கு ஏன் நிற்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தண்ணீர் பம்ப் உதிரிபாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். இன்வாய்ஸில் 'பம்ப் உதிரிபாகங்கள், 1 பெட்டி' என்று எழுதி, 8413.91 என்ற எச்.எஸ். குறியீட்டை (சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண்) போட்டிருந்தேன். அந்த நாட்டுச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். என்ன தவறு?

பதில்: 8413.91 பம்ப் பாகங்களுக்கான குறியீடுதான். ஆனால் பம்புக்குள் மாட்டுகிற எல்லாமே அதில் அடங்காது. இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) பம்பின் வெளிக்கூடும் அதில் வரும். ரப்பர் வாஷர், ரப்பர் கேஸ்கெட் 4016.93-க்குப் போய்விடும். இரும்பு போல்ட், நட்டு 7318. பால் பேரிங் 8482. எந்த இயந்திரத்தில் மாட்டினாலும் இவற்றுக்கெல்லாம் தனித் தலைப்பு உண்டு. பழகியவர்களே சறுக்குகிற இடம் இது. குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் மட்டுமே உலகப் பொது. அதற்கு மேல் உள்ளவை ஒவ்வொரு நாடும் தனக்கென வைத்துக்கொண்டவை. எனவே முழு எண்ணை, சரக்கு போய்ச் சேரும் நாட்டின் சுங்க முகவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, '1 பெட்டி' என்பது அளவே அல்ல. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது கண்ணில் தெரிய வேண்டும்: 'நீர் பம்ப் இம்பெல்லர், வார்ப்பு வெண்கலம், விட்டம் 120 மி.மீ., புதியது, 40 எண்ணம்.' பக்கத்திலேயே ஒன்றின் விலை, மொத்த விலை, நாணயம், உற்பத்தியான நாடு. இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரிசையில் எழுதுங்கள்.

பேக்கிங் லிஸ்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் மொத்த எடை 212 கிலோ, விமானச் சரக்குச் சீட்டில் 221 கிலோ என்று இருந்தால், எண் இடம் மாறிய பிழை என்று அதிகாரி தானாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெட்டியைத் திறக்கச் சொல்வார். இறக்குமதி அறிவிப்பு இன்னும் தாக்கல் ஆகவில்லை என்றால், திருத்திய இன்வாய்ஸை உடனே முகவருக்கு அனுப்புங்கள். தாக்கல் ஆகிவிட்டால் முறைப்படி திருத்தம் கோர வேண்டும். சத்தமில்லாமல் தாளை மட்டும் மாற்றிவைக்காதீர்கள். பிழை மோசடியாகத் தெரியத் தொடங்குவது அங்கேதான்.

கேள்வி: இலவச மாதிரிதானே, விலையைப் பூஜ்ஜியம் என்று போடலாமா?

பதில்: கூடாது. பணம் கைமாறாவிட்டாலும் பொருளுக்கு மதிப்பு உண்டு. விற்பனை இல்லாத சரக்குக்கு, அதே பொருளோ அதுபோன்ற பொருளோ விற்ற விலையைச் சுங்கம் எடுத்துக்கொள்ளும். நீங்களே நியாயமான விலையைக் குறித்து, 'விற்பனைக்கு அல்ல, சுங்க மதிப்புக்காக மட்டும்' என்று எழுதுங்கள். சில நாடுகள் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்து வரி போடும், சில போடாது. அதனால் அவ்விரண்டையும் தனித்தனியே காட்டுங்கள்.

கேள்வி: சரக்கு அடுக்கிய மரப் பேலட்டில் (அடித்தட்டில்) முத்திரை இல்லை என்று சரக்கைத் திருப்பிவிட்டார்கள். என்ன முத்திரை அது?

பதில்: மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15-இன் முத்திரை. மரத்தில் ஒளிந்திருக்கும் பூச்சி எல்லை தாண்டக் கூடாது என்பதற்காக வந்த விதி. வெப்பமூட்டும் முறையில், மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் இடைவிடாமல் 30 நிமிடம் இருக்க வேண்டும். முத்திரையில் கோதுமைக் கதிர்ச் சின்னம், இரண்டெழுத்து நாட்டுக் குறி, தயாரிப்பாளர் எண், முறையைச் சொல்லும் 'எச்.டி.' (வெப்பமூட்டல்) போன்ற எழுத்துகள் இருக்கும். பிளைவுட்டுக்கும், 6 மி.மீ.-க்கு மேற்படாத மரத்துக்கும் இது தேவையில்லை. பேலட் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு: சரக்கு நகராமலிருக்கக் கடைசி நேரத்தில் செருகிய ஆப்புக்கட்டை, உடைந்த இடத்தில் அடித்த புதுப் பலகை. இவற்றுக்கும் அதே விதிதான்.

கேள்வி: டெமரேஜ், டிடென்ஷன் என்று கேட்கும் தாமதக் கட்டணங்கள் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. சரக்கோடு கண்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே இலவச நாள்களைத் தாண்டி நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போய்க் காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன். துறைமுகத்தின் சேமிப்புக் கட்டணம் இவற்றுக்கு மேல் தனியாக வரலாம். சுங்கச் சோதனைக்காக நின்ற நாள்களும் பொதுவாகக் கணக்கில் சேரும். ஆகவே கப்பல் வந்து சேருவதற்கு முன்பே எல்லாத் தாள்களும் முகவர் கையில் இருக்கட்டும்.