விமானத்தின் முதுகில் விண்ணோடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) ஒன்றை ஜம்போ விமானம் முதுகில் சுமந்து பறக்கும் படத்தைப் பார்த்தேன். விண்வெளிக்குப் போய்த் திரும்பி, ஓடுபாதையில் தானே இறங்கும் கலம், அமெரிக்காவுக்குள் இடம் மாற இன்னொரு விமானத்தை ஏன் நம்ப வேண்டும்? வழியில் கழன்றுவிடாதா?

க.

அன்புள்ள க.,

2011இல் ஓய்வுபெற்ற விண்ணோடம், இறங்கும் நேரத்தில் எஞ்சின்களை இயக்க முடியாத வெறும் கிளைடராகவே இருந்தது. அதன் முதன்மை எஞ்சின்களுக்கு எரிபொருள் தந்த வெளித்தொட்டி, ஏவப்பட்டு ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் கழற்றிவிடப்பட்டது. ஜெட் எஞ்சின்களைப் பொருத்தலாம் என்ற பழைய யோசனையையும் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கினால், அது ஏவப்படும் புளோரிடாவின் கென்னடி மையத்துக்கு அதைச் சுமந்துதான் போக வேண்டியிருந்தது. அதற்காக 1974இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸிடமிருந்து ஒரு போயிங் 747ஐ நாசா வாங்கியது. பிற்பாடு இன்னொன்றும் சேர்ந்தது.

கழன்றுவிடும் என்ற அச்சம் வேண்டாம். முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று தாங்கிகள், வெளித்தொட்டியோடு விண்ணோடம் பிணைக்கப்படும் அதே இடங்களில்தான் அதைப் பிடித்துக்கொண்டன. ஏவுதலின் உலுக்கலையே தாங்கியவை அந்த இடங்கள். ஒரு தாங்கியில் 'ஆர்பிட்டரை (அதாவது விண்ணோடத்தை) இங்கே பொருத்தவும், குறிப்பு: கறுப்புப் பக்கம் கீழே' என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். நாசாவிலும் குறும்புக்காரர்கள் உண்டு.

உண்மையான தொல்லைகளைத் தந்தவை காற்றும் மழையும். விண்ணோடத்தின் மழுங்கிய பின்புறம் கிளப்பும் சுழல்கள் 747இன் வாலை உலுக்கும் என்பதால், எஞ்சின்களை மூடி ஒரு கூம்பு மாட்டினார்கள். விமானத்தின் வால்சிறகு முனைகளிலும் கூடுதலாக இரண்டு செங்குத்துத் தகடுகளைச் சேர்த்தார்கள். விண்ணோடத்தின் அடிப்புறத்தை மூடியிருந்த, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கும் கறுப்பு ஓடுகள், பறக்கும் வேகத்தில் வந்து மோதும் மழைத்துளிக்குச் சேதமாகிவிடும். விண்வெளியையே பார்க்காத கொலம்பியா விண்ணோடத்தை 1979இல் முதுகில் ஏற்றிச் சோதித்தபோதே பல ஓடுகள் உதிர்ந்தன. மழையைத் தவிர்க்க மேகம் பார்த்து வழி சொல்ல, சுமார் 160 கிலோமீட்டர் முன்னால் இன்னொரு விமானம் பறந்தது. சுமையோடு 747 ஒரே மூச்சில் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர்தான் பறக்கும் என்பதால், இடையில் இறங்கி எரிபொருளும் நிரப்ப வேண்டியிருந்தது.

இப்படிச் சுமந்துபோகும் ஒரு பயணத்துக்குப் பிற்காலத்தில் ஏறத்தாழ 18 லட்சம் டாலர் செலவானது. பணத்தைவிட, அடுத்த ஏவுதலுக்கான ஆயத்தத்தில் அது தின்ற நாட்களே பெரிய இழப்பு என்பது என் எண்ணம். புளோரிடாவில் வானம் தெளியும்வரை வீரர்களைச் சில வேளை சுற்றுப்பாதையிலேயே காக்கவைத்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆயினும், மொத்தம் 133 தரையிறக்கங்களில் 54 எட்வர்ட்ஸில்தான் நடந்தன.