கல் ஏறும் டயருக்குக் காற்று வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்: ரிமோட் வண்டிகள்

இந்த இதழில் பாறை ஏறும் ஆர்சி கிராலர்களின் டயர், வீல் பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: புதிதாக 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) கிராலர் வாங்கியிருக்கிறேன். டயரை விரலால் அழுத்தினால் பொத்தென்று உள்ளே போகிறது. காற்று அடிக்க வால்வும் இல்லை. டயர் பழுதா? (சேலம் வாசகர்)

பழுதில்லை. கிராலர் டயர் காற்றில் நிற்பதில்லை, உள்ளே இருக்கும் ஃபோம் வளையத்தில்தான் நிற்கிறது. வீலிலோ டயரிலோ சிறு துளை ஒன்று இருக்கும். டயர் அமுங்கும்போது உள்காற்று அதன் வழியே வெளியேறும், விடும்போது திரும்பி வரும். அந்தத் துளையை யாராவது பசை வைத்து அடைத்துவிட்டால் டயர் பலூன் மாதிரி விறைத்துக்கொண்டு, கல்லைக் கவ்வாமல் துள்ளும். கல்லின் விளிம்பில் டயர் மடிந்து படிய வேண்டும். எவ்வளவு ரப்பர் கல்லில் படிகிறதோ அவ்வளவு பிடி. மோட்டார் சக்தியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: பிடி அதிகமாகட்டும் என்று மிகவும் மிருதுவான ஃபோம் போட்டேன். நேர் ஏற்றத்தில் நன்றாக ஏறுகிறது. சரிவின் குறுக்கே ஓட்டினால் மட்டும் கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்துவிடுகிறது. (கோவை வாசகர்)

உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. குறுக்குச் சரிவில் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி கீழ்ப்பக்கத்து இரண்டு டயர்களில் இறங்குகிறது. ஃபோம் மிருது என்றால் அந்த இரண்டும் ரிம் வரை நசுங்கும். வண்டி ஏற்கெனவே சாய்ந்திருக்கிற பக்கத்திலேயே இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கினால் கவிழத்தானே செய்யும்?

இதற்கென்றே இரட்டை அடுக்கு ஃபோம் கிடைக்கிறது. ரிம்மை ஒட்டி உள்ளே கெட்டியான மூடிய செல் (நுண்ணறைகள் அடைபட்ட) ஃபோம் வளையம், அதைச் சுற்றி வெளியே மிருதுவான திறந்த செல் (நுண்ணறைகள் திறந்த) ஃபோம். வெளி அடுக்கு கல்லுக்கு ஏற்ப மடியும், உள் அடுக்கு ஓர் அளவுக்கு மேல் நசுங்க விடாது. 1/10 வண்டிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அதை இதில் செய்யுங்கள். விலை கூடிய அலுமினிய வீலைவிட இது தரும் மாற்றம் பெரிது.

வாங்குமுன் அளவு பாருங்கள். ஃபோமை டயருக்குள் வைத்தால் டிரெட்டின் (தரையில் படும் டயர்ப் பகுதியின்) உட்புறத்தைச் சுற்றிலும் தொட வேண்டும். சில மில்லிமீட்டர் குறைந்தாலும் டயர் தளர்ந்து, திரும்பும்போது பக்கவாட்டில் சுருளும். ஃபோம் பெரிதாக இருந்தால் டயர் விறைக்கும். அகலமாக இருந்தால் ஓரம் ரிம்முக்கும் பீடுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பீடு என்பது ரிம்மில் உட்காரும் டயரின் தடித்த விளிம்பு. அங்கே ஃபோம் மாட்டியிருந்தால் திருகுகளை என்னதான் முறுக்கினாலும் பீடை அழுத்திப் பிடிக்கும் வீல் வளையம் சமமாக உட்காராது.

பொருத்திய பின் பேட்டரி, பாடி எல்லாம் ஏற்றி வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பக்கச்சுவர் தரையருகே லேசாகப் பிதுங்கினால் சரி. பெருவிரலால் டிரெட்டை அழுத்தும்போது அதிகம் சிரமமில்லாமலே ரிம்மின் கடினம் விரலுக்குத் தட்டுப்பட்டால் ஃபோம் போதாது. ஒற்றை அடுக்கு ஃபோம் ரொம்பக் கெட்டியாகப் பட்டால், வெளி மூலையை மட்டும் புது பிளேடால் 5 மி.மீ. அளவுக்குச் சாய்வாகச் சீவலாம். பக்கச்சுவர் மடிய இடம் கிடைக்கும். முதலில் முன் ஜோடியில் மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

கேள்வி: பீட்லாக் வீலில் ஒரு பக்கம் டயர் வெளியே வந்துவிடுகிறது. திருகுகளை நன்றாகத்தான் முறுக்கினேன், இரண்டில் மரையே போய்விட்டது. (மதுரை வாசகர்)

முறுக்கிய பலத்தில் குறையில்லை, வரிசையில்தான் குறை. பீட்லாக் வீலில் டயரைப் பிடிப்பது பசையில்லை. திருகுகளால் இறுக்கும் வளையத்துக்கும் ரிம்முக்கும் நடுவே பீடு நசுங்கி நிற்பதுதான் பிடி. சுற்றிலும் ஒரே அளவாக நசுங்கவில்லை என்றால் தளர்ந்த இடத்தில் டயர் நழுவும்.

புது டயரின் பீடை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவி உலர வையுங்கள். டயரை வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசும் வழுவழுப்பு அதில் ஒட்டியிருக்கும். பிறகு ஃபோமை டயருக்குள் சுருக்கமில்லாமல் விட்டு, வீலை நடுவில் நுழைத்துவிடுங்கள். உட்பக்கப் பீடு பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று விரலைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். வளையத்தை வைத்து எதிரெதிராக நான்கு திருகுகளைப் பாதி வரை மட்டும் இறக்குங்கள். மற்றவற்றையும் பாதியாகப் போட்டு, அதன் பிறகு எதிரெதிராகத் தாவித்தாவி, ஒரு தடவைக்கு அரைச் சுற்று வீதம் இறுக்குங்கள். வட்டமாக வரிசையாய் முறுக்கினால் பீடு முன்னால் தள்ளிக்கொண்டே போய் கடைசித் திருகில் மடியும். வளையத்துக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம். முதல் ஓட்டத்துக்குப் பின் ரப்பர் படிந்திருக்கும், மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும்.

இந்தத் திருகுகள் பெரும்பாலும் எம்2, எம்2.5 அளவு, அதாவது 2, 2.5 மி.மீ. தடிமன். முனை தேய்ந்த ஆலன் கீ தலையைக் கெடுக்கும். அலுமினிய வீலில் நீல நிற த்ரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு நல்லது. பிளாஸ்டிக் வீலில் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

கேள்வி: செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கி, மல்லாக்க விழுகிறது. வீலுக்குள் எடை வைக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு? (சிங்கப்பூர் வாசகர்)

முதலில் எடை போட்டுப் பாருங்கள். முன்சக்கரங்களைச் சமையலறைத் தராசில் வைத்து, பின்சக்கரங்களுக்கு அதே உயரத்தில் ஒரு புத்தகம் கொடுங்கள். அடுத்து மாற்றி வையுங்கள். வண்டி 2,800 கிராம், முன்னால் 1,400 என்றால் பாதிக்குப் பாதி. ஏற்றத்துக்கு முன்பக்கம் 55 முதல் 60 சதவீதம் வேண்டும். முன்வீல் ஒவ்வொன்றிலும் 100 கிராம் வைத்தால் 3,000-க்கு 1,600, அதாவது 53 சதவீதம். மீதி, பேட்டரியை முன்னால் தள்ளுவதில் கிடைக்கும். எடையே சேர்க்காமல் கிடைக்கும் மாற்றம் என்பதால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

வீலில் வைக்கும் எடை சஸ்பென்ஷனை அமுக்குவதில்லை, வண்டியின் ஈர்ப்பு மையத்தையும் கீழே இறக்கும். ஆனால் முன்வீல் கனத்தால் சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாரும் ஆக்ஸில் மூட்டுகளும் அதைச் சுமக்கும். வீலுக்கு 50 கிராமில் தொடங்கி ஏற்றுங்கள். பித்தளை வளையம் வாங்க முடியாவிட்டால், கார் வீல் பேலன்சிங் செய்யும் கடையில் 5, 10 கிராம் துண்டுகளாக ஒட்டும் பட்டை கிடைக்கும். ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து, சுற்றிலும் பரவலாக ஒட்டி, மேலே டேப் சுற்றிவிடுங்கள். பட்டை ஈயமாக இருந்தால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். இடமும் வலமும் ஒரே எடை இருக்க வேண்டும்.

கேள்வி: 105 மி.மீ. விட்டமுள்ள டயரைக் கழற்றி 120 மி.மீ. போட்டால் மோட்டார் கொதிக்கிறது. (சென்னை வாசகர்)

வண்டியின் உயரம் கூடுவது விட்ட வித்தியாசத்தில் பாதி, 7.5 மி.மீ.தான். ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் 14 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது, மோட்டாருக்கு அவ்வளவு பாரம். 14 பல் பினியன் (மோட்டார் அச்சில் உள்ள சின்ன கியர்) இருந்தால் 12-க்கு இறங்குங்கள். மாட்டும்போது இரண்டு கியர்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாளை விட்டு அழுத்தி, திருகை இறுக்கிய பின் தாளை உருவினால் பல் இடைவெளி சரியாக வரும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, சஸ்பென்ஷனை அமுக்கி, டயர் பாடியில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: 1/24 வண்டிக்கு 1.9 அங்குல வீல் சேருமா? (திருச்சி வாசகர்)

சேராது. ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24 போன்றவற்றில் 1 அங்குல வீல், 7 மி.மீ. ஹெக்ஸ் (ஆக்ஸிலில் வீலைப் பிடிக்கும் அறுகோணத் துண்டு). 1.9, 2.2 அங்குல வீல்கள் 12 மி.மீ. ஹெக்ஸுக்கானவை.

கேள்வி: நட்டை இறுக்கியும் வீல் ஆடுகிறது. அகல ஹெக்ஸ் போட்டால் சரியாகுமா? (யாழ்ப்பாண வாசகர்)

ஆகாது. வீலைக் கழற்றி, ஹெக்ஸின் பின்னால் ஆக்ஸிலில் குறுக்காக இருக்கும் சின்ன ஊசியைப் பாருங்கள். அது விழுந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் ஹெக்ஸின் மூலைகள் உருண்டிருக்கும். அலுமினிய ஹெக்ஸ் போட்டு, உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்த நட்டையும் மாற்றுங்கள். அகல ஹெக்ஸ் வேறு வேலைக்கு: பக்கத்துக்கு 5 மி.மீ. கூட்டினால் வண்டி 10 மி.மீ. அகலும், குறுக்குச் சரிவில் நிற்கும். கூடவே திரும்பும்போது சர்வோவுக்குச் சுமையும் ஏறும்.

கேள்வி: ஓடையில் ஓட்டிய பின் டயருக்குள் தண்ணீர் சலசலக்கிறது. (நாகர்கோவில் வாசகர்)

திறந்த செல் ஃபோம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அடிக்கடி நீரில் ஓட்டுபவர் டிரெட்டின் நடுவில், ரப்பர் கட்டைகளுக்கு இடையே 3 மி.மீ. துளை இரண்டு எதிரெதிராகப் போடலாம், சக்கரம் சுற்றும்போதே நீர் வெளியேறும். மணலில் ஓட்டுபவர் போட வேண்டாம், அதே துளையில் மணல் உள்ளே போகும். பீட்லாக் என்றால் வளையத்தைக் கழற்றி, ஃபோமைத் துணியில் சுற்றிப் பிழிந்து, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். வீல் திருகுகளையும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் முதலில் துருப்பிடிப்பது அவைதான்.