பிளம் பூவா, செர்ரிப் பூவா? காம்பைப் பாருங்கள்

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு ஜப்பானியச் சுருள் ஓவியம் வாங்கி வந்தான். கறுத்த கிளை, இளஞ்சிவப்புப் பூக்கள், பச்சையாக ஒரு சின்னக் குருவி. பருவம் பார்த்துத்தான் மாட்ட வேண்டுமாம். இது செர்ரிப் பூவா? எப்போது மாட்டுவது? மற்ற மாதங்களுக்கு என்ன வாங்கலாம்?

பதில்: குருவியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓவியங்களில் பிளம் மரத்துக்கு ஜோடி உகுயிசு என்ற கதிர்க்குருவிதான். ஆனால் அது மங்கலான பழுப்பு நிறம். உங்கள் படத்தில் இருப்பது வெள்ளைக்கண்ணியாக இருக்கலாம். தேன் குடிக்க அது பிளம், செர்ரி இரண்டுக்குமே வரும். ஜப்பானியர்களே இந்த இரு பறவைகளையும் குழப்பிக்கொள்வது உண்டு.

பூக்காம்புதான் நல்ல சாட்சி. பிளம் பூவுக்கு, அதாவது உமேவுக்கு, காம்பே இல்லை எனலாம். கிளையோடு ஒட்டியே பூக்கும். இதழ்கள் வட்டமாக இருக்கும். செர்ரியான சகுரா, நீண்ட காம்புகளில் கொத்தாக நிற்கும். இதழ் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு தெரியும். பழைய ஓவியங்களில் வருவது பெரும்பாலும் மலைச் செர்ரி என்பதால், பூவோடு செந்தளிரும் சேர்ந்தே இருக்கும். உங்கள் படத்தில் காம்பு தெரியவில்லை என்றால் உமேதான்.

சரி, எப்போது மாட்டுவது? பருவத்துக்குச் சற்று முன்பே மாட்டுவது வழக்கம். உமேயை ஜனவரியில் மாட்டி பிப்ரவரி முடிவில் எடுத்துவிடலாம். சகுரா என்றால் மார்ச் தொடக்கம். வெளியே செர்ரி பூத்துக் குலுங்கும்போது உள்ளேயும் அதையே மாட்டுவதை ரசனைக் குறைவு என்பார்கள். அருங்காட்சியகங்கள் இதற்கு நேர்மாறு. டோக்கியோவின் நெசு அருங்காட்சியகம், ஒகாட்டா கோரின் வரைந்த ஐரிஸ் மலர்த் திரைகளை, தன் தோட்டத்துக் குளத்தில் ஐரிஸ் பூக்கும் ஏப்ரல், மே வாக்கில்தான் வெளியே எடுக்கும்.

கோடைக்கு ஐரிஸ் அல்லது அசகாவோ என்ற காலைப்பூ வாங்கலாம். ஹைக்கூ மரபில் அசகாவோ இலையுதிர்காலத்தில் சேரும். ஆனாலும் படத்தைக் கோடையில் மாட்டினால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். இலையுதிர்காலத்துக்கு மேப்பிளும் சாமந்தியும் எங்கும் கிடைக்கும். என்னைக் கேட்டால், நிலவடியில் சாயும் சுசுகிப் புல் அவற்றைவிட அழகு. சகாய் ஹோயிட்சு வெள்ளித் தகட்டுப் பின்னணியில் வரைந்த கோடை, இலையுதிர்காலப் புற்களின் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். குளிருக்கு நார்சிசஸ் மலர், பனி படிந்த மூங்கில். இன்னும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான்கு பருவப் பூக்களும் ஒன்றாக உள்ள படத்தை வாங்குங்கள். ஆண்டு முழுதும் தொங்கலாம்.

அதற்காக ஒரே படத்தை நிரந்தரமாக மாட்டிவைக்காதீர்கள். வெளிச்சத்தில் நிறம் மங்கும். ஏசி காற்று நேராகப் படும் இடமும் ஆகாது. கழற்றிச் சுருட்டுவதை மழை நாளில் செய்ய வேண்டாம். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். வெயிலடித்து ஓரிரு நாள் ஆனபின், மென்தூரிகையால் தூசு தட்டி, இறுக்காமல் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள்.