வாசகர் கேள்வி - பதில்: டஸ்கனியின் ஒயின் ஊர்களுக்குக் காரில்

கேள்வி: செப்டம்பர் இறுதியில் நானும் கணவரும் இத்தாலி செல்கிறோம். ஃபுளோரன்ஸில் வாடகைக் கார் எடுத்து, கிரேவே, சான் ஜிமின்யானோ, சியெனா, மோந்தால்ச்சீனோ, பியென்ட்ஸா, மோந்தெபுல்ச்சானோ ஆகிய ஊர்களை ஐந்து நாள்களில் பார்க்க எண்ணம். ஒவ்வோர் இரவும் ஓர் ஊரில் தங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: வேண்டாம். வரைபடத்தில் இவை அருகருகே தெரிந்தாலும், வளைந்து ஏறி இறங்கும் சாலைகளில் 40 கிலோமீட்டரைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடலாம். நாள்தோறும் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தால் ஊரைப் பார்க்க எஞ்சுவது மதிய வெயில் மட்டுமே. இரண்டு இடங்களில் மட்டும் தங்குங்கள்: முதல் இரண்டு இரவுகள் ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடைப்பட்ட கியாந்தி ஒயின் வட்டாரத்தில், அடுத்த மூன்று தெற்கே வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில். இரு பகுதிகளிலும் 'அக்ரிதுரிஸ்மோ' எனப்படும் பண்ணை விடுதிகள் ஏராளம். கார் நிறுத்துவதிலும் அங்கே தொல்லை இல்லை.

ஃபுளோரன்ஸிலிருந்து சியெனாவுக்குச் சுங்கக் கட்டணமற்ற விரைவுச்சாலை உண்டு. நீங்கள் அதை விடுத்து, கிரேவே, பன்ஸானோ, காஸ்தெல்லினா வழியாகச் செல்லும் 222ஆம் எண் சாலையில் போங்கள். டஸ்கனியை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் மூன்றாம் கோசிமோ 1716இல் ஆணையிட்டு எல்லை வகுத்த ஒயின் நிலம் இந்தச் சாலையின் இருபுறமும்தான் விரிகிறது. இப்பகுதி ஒயினின் அடையாளமான கருஞ்சேவல் முத்திரை பதித்த பலகைகளை வழியெங்கும் காண்பீர்கள்.

தெற்கில் சான் குயிரிகோ என்ற ஊரை ஒட்டித் தங்கினால், மேற்கே மோந்தால்ச்சீனோ, கிழக்கே பியென்ட்ஸா, அதையும் தாண்டி மோந்தெபுல்ச்சானோ என மூன்றும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். மோந்தால்ச்சீனோவின் புகழ்பெற்ற ஒயினான புருனெல்லோ, சாஞ்சொவேசே என்ற ஒரே வகைத் திராட்சையால் ஆனது. 2020இல் பறித்த பழத்தின் மது 2025 ஜனவரியில்தான் விற்பனைக்கு வந்தது என்றால் அதன் பொறுமை புரியும். பியென்ட்ஸாவுக்கு அரை நாள் போதும். கோர்சின்யானோ என்ற சிற்றூரில் பிறந்து போப்பாண்டவரான இரண்டாம் பயஸ், 1459 முதல் சில ஆண்டுகளில் ரொஸ்ஸெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு தம் ஊரைப் புதிதாக எழுப்பித் தம் பெயரையும் சூட்டினார். அங்கே செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டியை வாங்காமல் திரும்பாதீர்கள். மோந்தெபுல்ச்சானோவின் மதிலில் நின்று கிழக்கே பார்த்தால் தெரியும் வயல்வெளி, பல நூற்றாண்டுகள் மலேரியாக் கொசு மண்டிய சதுப்பாகக் கிடந்து, பின்னர் வாய்க்கால் வெட்டி மீட்கப்பட்டது. மக்கள் குன்றின் மேல் குடியேறியதற்குப் பகைவர் மீதான அச்சம் மட்டுமே காரணமன்று.

எதையேனும் விட வேண்டுமென்றால் சான் ஜிமின்யானோவை விடுங்கள் என்பேன். எஞ்சியுள்ள அதன் 14 கோபுரங்கள் அழகுதான்; ஆனால் பகலில் சுற்றுலாப் பேருந்துகள் கொண்டுவந்து இறக்கும் கூட்டத்தில் அவற்றை அண்ணாந்து பார்க்கவும் இடம் கிடைப்பதில்லை. சியெனாவைத் தெற்கே செல்லும் வழியில் ஒரு முழுப் பகலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தாலியில் கார் ஓட்டிய உறவினருக்குப் பல மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வந்தது. இதைத் தவிர்ப்பது எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: அவர் பெரும்பாலும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வளையத்திற்குள் நுழைந்திருப்பார். பல பழைய நகரங்களின் நடுப்பகுதியில் வெளியார் வாகனங்களுக்குத் தடை உண்டு. சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகையே அறிவிப்பு. தடுத்து நிறுத்தக் காவலர் எவரும் இருக்க மாட்டார். கேமரா எண்பலகையைப் படம் பிடிக்கும், அபராதம் விழும், வெளிநாட்டவருக்கு ஓராண்டுக்குள் கடிதம் வரலாம். உங்கள் முகவரியை அதிகாரிகளுக்குத் தந்ததற்கென வாடகை நிறுவனமும் தனிக் கட்டணம் பிடிக்கும். கைப்பேசி வழிகாட்டி சொல்வதைவிடச் சாலைப் பலகையை நம்புங்கள். விடுதி வளையத்திற்குள் இருந்தால், கார் எண்ணைப் பதிந்து தர முடியுமா என முன்கூட்டியே கேளுங்கள்.

எனவே எந்தக் குன்றூரானாலும் காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. நிறுத்துமிடங்களில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு நமக்கு இல்லை. சியெனாவின் சாந்தா கத்தரீனா கார் நிறுத்தத்திலிருந்து மேலே செல்ல நகரும் படிக்கட்டுகளே உள்ளன. இந்திய உரிமத்துடன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், கியர் மாற்றும் கவலையாவது இல்லாதிருக்கத் தானியங்கிக் காரை முன்பே பதிவு செய்யுங்கள்; அவை எண்ணிக்கையில் குறைவு.

கேள்வி: ஒயினைச் சுவைத்துவிட்டுக் கார் ஓட்டலாமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: சட்ட வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்றாண்டு நிறையாதவர்களுக்கு ஒரு துளியும் கூடாது. சுவைத்துத் துப்புவதற்கென்றே கிண்ணம் வைத்திருப்பார்கள். துப்புவதை அங்கே யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. ஓட்டுபவர் பிடித்ததைப் புட்டியாக வாங்கி, மாலையில் விடுதிக்குத் திரும்பிய பின் அருந்தலாம். செப்டம்பரும் அக்டோபரும் அறுவடைக் காலம் என்பதால், முன்பதிவின்றித் தோட்டங்களுக்குப் போனால் உங்களைக் கவனிக்க ஆளிருக்காது.