எக்ஸ்ரே பார்க்கப் பழகுவது – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி நான். வார்டுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து ஒரு சிக்கல். ரவுண்ட்ஸில் நெஞ்சு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்ததுமே கூட இருப்பவர்கள் ‘வலது பக்கம் நிமோனியா’ என்கிறார்கள். எனக்கோ எல்லாமே சாம்பலாகத்தான் தெரிகிறது. வீடியோக்கள் பார்த்தேன். ‘சைன்’களின், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களின், பெயர்களை ஒரு நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்தேன். படம் முன்னால் வந்தால் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. சிடி, எம்ஆர்ஐ வேறு இருக்கின்றன. எதில் தொடங்குவது? நான் ரேடியாலஜிஸ்ட் (இந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்) ஆகப் போவதில்லை, பொது மருத்துவத்தில்தான் விருப்பம். எனக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். சைன்களின் பெயர்கள், பார்க்கத் தெரிந்தவர்கள் தங்களுக்குள் சுருக்கமாகப் பேசிக்கொள்ள வைத்தவை. பார்க்கப் பழகாதவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. நண்பர்களைப் பார்த்தும் மிரள வேண்டாம். காய்ச்சல், இருமல், வலது பக்கம் குத்து வலி என்று கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு வருகிறவருக்கு எந்தப் படத்திலும் நிமோனியா தெரியும்.

நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரிவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்திருக்கிறது. இதயத்தின் வலது ஓரம் தெரியவில்லை. உதரவிதானம் தெளிவாக இருக்கிறது.’ இப்படி மூன்று வாக்கியம் சொல்ல முடிந்தால் நீங்கள் எக்ஸ்ரே பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த மூன்று வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் பிரித்தறியக்கூடிய அடர்த்திகள் ஐந்தே ஐந்து. காற்று கறுப்பு, கொழுப்பு அடர்சாம்பல், எலும்பு வெள்ளை, உலோகம் பளீர் வெள்ளை. இடையில் வெளிர்சாம்பலாக இருப்பது தசை, ரத்தம், நீர், சீழ், கல்லீரல் எல்லாம் சேர்ந்த ஒரே கூட்டம். இதயத் தசையையும் அதற்குள் ஓடும் ரத்தத்தையும் எக்ஸ்ரே பிரித்துக் காட்டாது. அப்புறம் இதயத்தின் ஓரம் மட்டும் எப்படித் தெரிகிறது? பக்கத்தில் காற்று நிரம்பிய நுரையீரல் இருப்பதால். அடர்த்தி வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் ஓரம் என்று ஒன்று விழும். நுரையீரலின் அந்தப் பகுதியில் காற்று போய்ச் சீழ் நிரம்பினால் இரண்டும் ஒரே சாம்பல், ஓரம் காணாமல் போய்விடும்.

இங்கே உடற்கூறியல் வந்து சேர்கிறது. இதயத்தின் வலது ஓரத்தை ஒட்டியிருப்பது வலது நுரையீரலின் நடு மடல். கீழ் மடல் பின்னால் தள்ளி, உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இதய ஓரம் மறைந்து உதரவிதானம் தெளிவாக இருந்தால் நோய் நடு மடலில். உதரவிதானம் மறைந்து இதய ஓரம் தெளிவாக இருந்தால் கீழ் மடலில். இடது பக்கத்தில் இதய ஓரம் மறைந்தால் மேல் மடலின் லிங்குலா பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். தட்டையான படத்தில் எது முன்னால், எது பின்னால் என்று சொல்லிவிட்டோம்! அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் பெஞ்சமின் ஃபெல்சன் 1950இல் எழுதிப் பரவலாக்கிய சில்லவுட் சைன் இதுதான். உங்கள் நோட்டிலும் கட்டாயம் இருக்கும், காரணம் இல்லாமல்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் ஒரு நிமிடம், படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பெயர், தேதி, பக்கக் குறி. உங்களுக்கு இடது பக்கமாகத் தெரிவது நோயாளியின் வலது. பிஏ படத்தில் கதிர் முதுகு வழியாக நுழைந்து மார்பு வழியாக வெளியேறுகிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு ஏபி, அதாவது நேர்மாறு. அதில் இதயம் ஃபிலிமிலிருந்து தள்ளியிருப்பதால் நிழல் பெரிதாக விழும். இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு பிஏ படத்துக்குச் சொன்னது. அதை ஐசியு படத்தில் போட்டு ‘இதயம் வீங்கியிருக்கிறது’ என்று அறிவிக்கிற மாணவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். மூச்சை நன்றாக இழுத்திருந்தால் உதரவிதானத்துக்கு மேல் முன்பக்க விலா எலும்புகள் குறைந்தது ஆறு தெரியும். இழுக்காவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி நெருக்குண்டு, இல்லாத நோயைக் காட்டும்.

நார்மல் படங்களை நிறையப் பாருங்கள். யாரும் இதைச் செய்வதில்லை, ஏனென்றால் அதில் சுவாரசியம் இல்லை. அரிய நோய்களின் படங்களைத்தான் எல்லோரும் சேர்த்து வைக்கிறார்கள். இடது ஹைலம் (ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழாயும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) வலதைவிடச் சற்று மேலே இருப்பது நார்மல் என்று கண்ணுக்குப் பழகியிருந்தால்தான், அது கீழே இறங்கியிருக்கும் நாளில் ஏதோ சரியில்லை என்று உறுத்தும். ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் நினைப்பதை இரண்டு வரி எழுதிவிட்டுப் பிறகு ரிப்போர்ட்டைத் திறங்கள். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் எல்லாமே எளிதாகத் தெரியும், எதுவும் கற்றிருக்க மாட்டீர்கள்.

தேடுகிற பொருள் மட்டும்தான் கண்ணில் படும் என்ற ஆபத்து ரேடியாலஜிஸ்டுகளான எங்களுக்கும் உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சிடி படங்களில் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு கேஸில் கொரில்லா உருவம் ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை நேராக அந்த இடத்திலேயே விழுந்திருந்ததும் கண் அசைவைப் பின்தொடரும் கருவியில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் ஒரே வரிசையில் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்கிறோம். எந்த வரிசை என்பது உங்கள் விருப்பம். நுரையீரலின் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே, தோள் எலும்பு, இந்த நாலு மூலைகளும் அதில் இருந்தால் சரி. ஒரு நோய் கிடைத்ததும் தேடலை நிறுத்தாதீர்கள். இரண்டாவது நோய் தப்பித்துப் போவது அப்போதுதான்.

சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அமைந்த அளவுகோல் அது. நீர் 0, காற்று -1000, கொழுப்பு -100க்குப் பக்கம், புதிதாக உறைந்த ரத்தம் 60 முதல் 80 வரை. இத்தனை சாம்பல்களையும் கண்ணால் ஒரே நேரத்தில் பிரிக்க முடியாது என்பதால்தான் விண்டோ, அதாவது எண்களில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சாம்பல்களாக விரித்துக் காட்டும் வசதி. நுரையீரல் விண்டோவுக்கு மாற்றாமல் நெஞ்சு சிடியைப் பார்த்தால், நுரையீரல் வெறும் கறுப்புப் பள்ளமாகத்தான் தெரியும். பக்கவாதம் வந்தவருக்கு அவசரமாக எடுக்கும் மூளை சிடி முதல் சில மணி நேரத்தில் நார்மலாகவே இருக்கலாம். அதை எடுப்பதே முதலில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யத்தான். எம்ஆர்ஐயில் இப்போதைக்கு ஒன்று போதும். டி1, டி2 என்று படத்தில் இரண்டு முக்கிய வகைகள்; மூளையைச் சுற்றியுள்ள நீர் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் டி1, வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் டி2. அல்ட்ராசவுண்டை மட்டும் படித்துக் கற்க முடியாது. யாராவது ப்ரோபை (உடல்மேல் வைத்து நகர்த்தும் கருவி) கையில் கொடுத்தால் விடாதீர்கள்.

எவ்வளவு தெரிந்தால் போதும் என்று கேட்டிருந்தீர்கள். பொது மருத்துவருக்கு, படம் பார்ப்பதைவிட எந்தப் படத்தைக் கேட்பது என்பதுதான் தினசரி வேலை. மனிதர்கள் இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு பெறுகிறார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1க்கும் கீழே. வயிற்று சிடி ஒன்று பல ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமமாகலாம். பித்தப்பைக் கல் என்று சந்தேகம் வந்தால், கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் முதலில் இருக்கிறது. அப்புறம், படம் எடுக்கச் சொல்லி எங்களுக்கு எழுதி அனுப்பும் அந்தச் சீட்டு. ‘வயிற்று வலி, சிடி’ என்று எழுதி அனுப்பினால் நாங்கள் வயிறு முழுக்க அலைவோம். ‘இரண்டு நாளாக வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், குடல்வால் அழற்சியா?’ என்று எழுதினால் முதலில் எங்கே போக வேண்டும் என்று தெரியும். சிறுநீரகம் சரியில்லை, முன்பு கான்ட்ராஸ்ட் ஊசிக்கு (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) அலர்ஜி வந்தது என்றால் அதையும் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் நேரில் வந்து சொல்லுங்கள். இருட்டறையில் இருப்பவர்கள் சிடுசிடுப்பார்கள் என்ற பேச்சு பாதிதான் உண்மை. நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர் வந்து நின்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்போம்.