நாள் முழுக்க உழைத்தும் கிராமத்துக் குடும்பத் தலைவர் கையில் ஏன் காசு தங்குவதில்லை?

உழைப்பில் குறை இல்லை. செலவு தினமும் வருகிறது, வரவோ அறுவடைக்கு அறுவடைதான். விதை, உரம், உழவுக்கூலி எல்லாம் முன்கூட்டியே போட்டாக வேண்டும், அதற்குக் கடன். விளைந்ததும் கடன்காரர் வாசலில் நிற்பார். விலை ஏறட்டும் என்று காத்திருக்க வழியில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவதால் விலையும் அப்போதுதான் அடிமட்டத்தில் கிடக்கும்.

உலகப் பண்ணைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் 2 ஹெக்டேருக்குக் குறைவானவை. அதில் நன்றாக விளைந்தாலும் மிச்சம் கொஞ்சம்தான். அதனால் விடியலில் மாட்டைக் கறந்துவிட்டு, பகலில் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போய், சாயங்காலம் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். ('நிலம்தான் இருக்கிறதே' என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.) திடீரென்று மருத்துவச் செலவு வந்தால் முதலில் விற்பது அந்த மாட்டைத்தான். அப்புறம் பால் காசும் நின்றுவிடும்.