'10 சதவீதம் குறைத்துக் காட்டுங்கள்' என்றால் பட்டியலில் எதை முதலில் வைப்பது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநில அரசின் சிறிய துறையில், நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்த பட்ஜெட்டுக்கான நிதிக் கோரிக்கையோடு, 10 சதவீதம் பணம் குறைந்தால் எதையெல்லாம் விடுவோம் என்ற பட்டியலையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. "மக்கள் அதிகம் பயன்படுத்தும் சேவையை முதல் வரியில் போடுங்கள், யாரும் கை வைக்க மாட்டார்கள்" என்கிறார் மேலதிகாரி. அப்படிச் செய்யலாமா? பட்டியலில் போட்டதையெல்லாம் வெட்டிவிடுவார்களா?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். மேலதிகாரி சொல்லும் உத்தி மிகப் பழையது. 1969-ல் அமெரிக்க தேசியப் பூங்காத் துறைக்குப் பணம் குறைக்கப்பட்டபோது, அதன் இயக்குநர் ஜார்ஜ் ஹார்ட்ஸாக் பூங்காக்களையும் வாஷிங்டன் நினைவுத்தூண் போன்ற இடங்களையும் வாரத்தில் 2 நாள் மூடினார். ஊரிலிருந்து வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் தங்கள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களிடம் போய்ச் சத்தம் போட்டார்கள். பணம் திரும்பி வந்தது. அன்றைக்குப் பலித்தது, சரி. ஆனால் அதற்கு அப்புறம் அந்தத் தந்திரத்துக்கே நினைவுத்தூணின் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் சட்டமன்ற பட்ஜெட் அலுவலகத்தில் அதை அறியாதவர் இருப்பது அரிது. முதல் வரியைப் படித்ததுமே விளையாட்டு புரிந்துவிடும். அடுத்து அவர்களே உங்களுக்காக ஒரு பட்டியல் போடுவார்கள். துறையின் உள்விவரம் தெரியாதவர்கள் போடும் பட்டியல் அது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அவசரமாகப் பணம் தேவைப்படும் ஆண்டில், முதல் வரியை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "துறையே கொடுத்த யோசனைதானே" என்பார்கள். மறுக்க உங்களுக்கு வாய் இருக்காது.

பட்டியலில் போட்டதெல்லாம் போய்விடுமா என்றால், பெரும்பாலும் இல்லை. பிரிட்டனில் 2010-ல் பல அமைச்சகங்களிடம் 25 சதவீதம், 40 சதவீதம் என இரண்டு குறைப்புக் கணக்குகள் கேட்டார்கள். அந்த அக்டோபரில் வந்த முடிவில், 4 ஆண்டுகளுக்கான சராசரி வெட்டு 19 சதவீதம் என்றார் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன். தேவைக்கு மேல் கேட்டு வாங்கி, அதில் தேர்ந்தெடுப்பதுதான் இந்த முறையின் நோக்கம். அதனால் எது எந்த வரிசையில் இருக்கிறது என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் உண்மையான அதிகாரம்.

அந்த அதிகாரத்தைச் சோம்பலில் இழப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் சமமாக 10 சதவீதம் கழித்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை என்று நினைப்பார்கள். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1977-ல் மத்திய அரசுக்குக் கொண்டுவந்த பூஜ்ய அடிப்படை பட்ஜெட் (பழைய தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு செலவுக்கும் புதிதாகக் காரணம் கேட்பது) முறையைப் பலவீனமாக்கியவற்றில் இதுவும் ஒன்று. குறைந்தபட்சம் எவ்வளவில் நடத்த முடியும் என்று யோசித்துச் சொல்லச் சொன்னால், பல அலுவலகங்கள் நடப்புச் செலவில் ஏதோ ஒரு சதவீதத்தைக் கழித்து எழுதிக் கொடுத்தன. காகிதம்தான் குவிந்தது. 1981-ல் ரீகன் அரசு அதைக் கைவிட்டது.

சரி, வரிசையை எப்படிப் போடுவது? நிறுத்தினால் மக்களுக்கு மிகக் குறைவாக வலிப்பது முதலில். கனடா 2007-ல் தொடங்கிய மறுஆய்வில் துறைகளிடம் கேட்டதும் இதுதான்: முன்னுரிமையிலும் பலனிலும் கடைசியில் நிற்கும் 5 சதவீதத்தை அடையாளம் காட்டுங்கள். மேலதிகாரி காப்பாற்ற நினைக்கும் சேவை கடைசி வரியில் நிற்கட்டும். அதற்குப் பக்கத்தில், அதை நிறுத்தினால் யாருக்கு என்ன ஆகும் என்று இரண்டு வாக்கியத்தில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அவர் விரும்பும் பாதுகாப்பு அதிலேயே கிடைத்துவிடும்.

கணக்கில் நான்கு இடங்களில் பலர் சறுக்குவதைப் பார்க்கிறேன். முதலாவது, மத்திய அரசின் பங்கு. மெடிக்கெய்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) மத்திய அரசு குறைந்தது பாதியைத் தருகிறது. மாநிலப் பணத்தில் 1 டாலர் குறைத்தால், சேவையில் குறைந்தது 2 டாலர் குறையும். இதைத் தனியாகக் காட்டாவிட்டால் படிப்பவருக்குத் தெரியாது. இரண்டாவது, மாதக் கணக்கு. பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஜனவரியில்தான் ஒரு அலுவலகத்தை மூட முடியுமென்றால், அந்த ஆண்டு பாதிதான் மிச்சம். வாடகை ஒப்பந்தத்தை முறிப்பதற்கும், போகிறவர்களின் சேர்ந்த விடுப்புக்கும் பணம் கொடுத்த பிறகு அந்தப் பாதியும் தேயும். மூன்றாவது, பராமரிப்பைத் தள்ளிப்போடுவது. கூரை ஒழுகுவதை மூன்று ஆண்டு கழித்துச் சரிசெய்தால் செலவு கூடத்தான் செய்யும். பட்டியலில் போடுங்கள், ஆனால் 'தள்ளிவைப்பு' என்று சொல்லிப் போடுங்கள். நான்காவது, செலவை இன்னொருவர் தலையில் கட்டுவது. மனநல சிகிச்சையைக் குறைத்தால், கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) சிறையும் மருத்துவமனையின் அவசரப் பிரிவும் அதைச் சுமக்கும். மாநிலக் கணக்கில் அது மிச்சமாகத் தெரிவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

டெக்சாஸில் பல பட்ஜெட் சுற்றுகளில் கேட்கப்பட்ட 10 சதவீதப் பட்டியலைப் பார்த்து வையுங்கள். முன்னுரிமை, தொகை, இழக்கும் வருவாய், குறையும் பணியிடம் எல்லாம் ஒரே படிவத்தில் வரும். நெதர்லாந்து 1981-ல் தொடங்கிய மறுபரிசீலனை முறையும் படிக்க வேண்டியது. அதில் 20 சதவீதக் குறைப்புக்கு ஒரு வழியாவது கட்டாயம் சொல்ல வேண்டியிருந்தது, அதைத் தடுக்கும் உரிமை எந்த அமைச்சகத்துக்கும் இருக்கவில்லை. தன் செலவைத் தானே குறைக்க எந்தத் துறைக்கும் மனம் வராது என்பதைப் புரிந்துகொண்டு அமைத்த விதி.

உங்கள் மேலதிகாரி அப்படியும் பிடிவாதம் பிடித்தால், உங்கள் வரிசையையும் காரணங்களையும் குறிப்பாக எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். முடிவு அவருடையது. இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் பொதுவில் வெளியாகிவிடும் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். எந்தப் பிரிவின் பணியிடங்கள் அதில் இருக்கின்றனவோ, அந்தப் பிரிவினரைப் பட்டியல் வெளியாகும் முன்பே கூப்பிட்டு நேரில் சொல்லிவிட வேண்டும்.